பெங்களூரைச் சுற்றி ஒரே நாளில் போட்டோ பயணம்: மாதம், சாலை, வெளிச்சம் பார்த்துத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

அல்சூரிலோ கே.ஆர்.புரத்திலோ ஒயிட்ஃபீல்டிலோ குடியிருக்கும் நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். ஊரிலிருந்து மச்சானோ சித்தப்பாவோ வந்திருப்பார். போனில் அழகான ஐந்து படங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஐந்து இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று காலை எட்டு மணிக்குக் கிளம்புவார்கள். உச்சி வெயிலில் போய் இறங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படமெடுத்து, இரவு ஹெப்பாள் நெரிசலில் நின்று வீடு வந்து சேருவார்கள். போன இடம் நல்ல இடம்தான். போன மாதமும் மணியும்தான் தப்பு.

அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் மாதம், அப்புறம் சாலை, அப்புறம் எடுக்க வேண்டிய ஒரு முக்கியப் படம், கடைசியில் கிளம்பும் நேரம்.

1. மாதத்தைப் பார்த்துச் சாலையை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் ஜனவரி வரை வடக்கே, நந்தி மலைப் பக்கம். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, விடியற்காலையில் பனி கீழே படுத்திருக்கும். நீங்கள் அதற்கு மேலே நிற்பீர்கள். ஜூலை, ஆகஸ்டில் இது தலைகீழ். மேகம் மலை உச்சியையே மூடிவிடும், நீங்கள் மேகத்துக்குள் நிற்பீர்கள், சூரியனே தெரியாது. "மழைக்காலத்தில் நந்தி ரொம்ப அழகாமே" என்று கேட்டுவிட்டு உதயம் எடுக்கப் போகிறவர்கள் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவது இதனால்தான்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மைசூரு சாலை. கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம் அது.

ஜூலை முதல் அக்டோபர் வரை காவிரிப் பக்கம், அதாவது சிவனசமுத்திரம். மற்ற மாதங்களில், குறிப்பாகக் கோடையில், அங்கே பாறைதான் அதிகம் தெரியும்.

மே மாதத்தில் தூரமாக எங்கும் போக வேண்டாம். மதியத்துக்கு மேல் இடி மழை வரும் மாதம் அது. மொட்டைப் பாறைமேல் நிற்கும்போது இடி இறங்கினால் ஒதுங்க இடமில்லை. காலையில் போய்ப் பத்து மணிக்குள் திரும்பும் அரை நாள் பயணம் போதும்.

2. ஒரு நாளுக்கு ஒரே சாலை

நந்தி மலையும் சிவனசமுத்திரமும் ஒரே நாளில் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று நகரத்துக்கு வடக்கே, மற்றது தெற்கே. நடுவில் நகரத்தைக் கடக்கவே இரண்டு மணி நேரம் போய்விடும். வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரம் காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி, அவ்வளவுதான். அதைச் சிக்னலில் செலவழிக்கக் கூடாது.

ஒரே சாலையில் இரண்டு இடம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று காலைக்கு, ஒன்று மாலைக்கு. நடுவில் சாப்பாடும் ஓய்வும். குழந்தைகளும் பெரியவர்களும் கூட வந்தால் இந்த இடைவெளி இல்லாமல் சரிப்பட்டு வராது.

3. கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

பெங்களூரில் சூரிய உதயம் ஜூன் தொடக்கத்தில் சுமார் 5.50, ஜனவரி கடைசியில் சுமார் 6.45. அஸ்தமனம் நவம்பரில் 5.50-ஐ ஒட்டியும், ஜூலை தொடக்கத்தில் 6.50-ஐ ஒட்டியும் இருக்கும். போகும் தேதிக்குரிய நேரத்தை முந்தைய நாளே பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் நந்தி மலை உதயம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உதயம் 6.40. நல்ல நிறம் வருவது சூரியன் தலைகாட்டுவதற்கு முந்தைய அரை மணியில், ஆகவே 6.10-க்குக் கிழக்கு விளிம்பில் நிற்க வேண்டும். வண்டியை நிறுத்தி நடக்க இருபது நிமிடம். அடிவாரத்திலும் வாசலிலும் வரிசைக்கு, வாரக்கடைசி என்றால், நாற்பது நிமிடம். நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், இருட்டில் ஒன்றேகால் மணி. கூட்டிப் பார்த்தால் நாலு மணிக்குச் சற்று முன்பே வண்டி கிளம்பியாக வேண்டும். நாலு மணிக்கு எழுந்திருப்பதற்கும் நாலு மணிக்குக் கிளம்புவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பலருடைய உதயம் போய்விடுகிறது.

மெட்ரோவை நம்பித் திட்டமிடுபவர்கள் கவனிக்கவும்: ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ரயில் மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் கிளம்பும். உதயத்துக்கு அது உதவாது. பகல் பயணம் என்றால் மைசூரு சாலைக்குச் சல்லகட்டா வரையும், கனகபுரா சாலைக்கு சில்க் இன்ஸ்டிடியூட் வரையும் மெட்ரோவில் போய், அங்கே நண்பரின் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். நகர நெரிசல் மிச்சம்.

4. முந்தைய நாள் இரவு செய்ய வேண்டியவை

நல்ல மொபைல் போனே போதும். பறவைக்கு மட்டும்தான் பெரிய லென்ஸ் தேவை.

போனில் இடத்தைக் காலி செய்யுங்கள். உதயம் ஆகும்போது "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வந்தால், அங்கே நின்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. பவர் பேங்க் சார்ஜில் இருக்கட்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

போகும் வழியின் வரைபடத்தை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மலை மடிப்புகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். சில்லறை நோட்டுகள் இருக்கட்டும், கிராமத்து வாகன நிறுத்தத்தில் யுபிஐ வேலை செய்யாத நேரம் உண்டு. டார்ச், ஸ்வெட்டர், தண்ணீர், லென்ஸ் துடைக்க மெல்லிய பருத்தித் துணி. இந்தத் துணியைத்தான் எல்லோரும் மறப்பார்கள், அருவிப் பக்கம் அதுதான் அதிகம் தேவைப்படும்.

காரில் ஏசி போட்டுக்கொண்டு போனால், இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியின்மேல் வெளியே இருக்கும் ஈரக் காற்று பட்டால் லென்ஸ் புகைமூட்டமாகிவிடும், தெளிய நேரமாகும்.

கடைசியாக, அனுமதி விவரம். நந்தி மலையில் வாகனக் கட்டுப்பாடும் வாசல் திறக்கும் நேரமும் அவ்வப்போது மாறும். ஸ்கந்தகிரி, சாவனதுர்கா போன்ற ஏற்றங்களுக்கு முன்பதிவு வேண்டும். போன வருஷம் போய்வந்த நண்பர் சொன்னதை வைத்துக் கிளம்பாமல், அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. வடக்கு: நந்தி மலை, அடிவாரக் கோயில்

நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கும் மலைத்தொகுதி இது. வேலூர்க்காரர்களையும் கிருஷ்ணகிரிக்காரர்களையும் கூட்டிப் போனால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அப்புறம் அவர்கள் பார்க்கும் பார்வையே வேறு.

முடிந்தால் வார நாளில் போங்கள். வாரக்கடைசி விடியலில் விளிம்புச் சுவர் முழுக்க ஆட்கள் நிற்பார்கள், யார் தோளாவது படத்துக்குள் வரும்.

மொபைலில் உதயம் எடுக்கும்போது பலர் செய்யும் தவறு, சூரியனைக் காட்டி அப்படியே தட்டிவிடுவது. வானம் வெளுத்துப்போகும். வானத்தின் பிரகாசமான பகுதியைத் திரையில் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள், பிறகு விரலால் சற்றுக் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். மலை கறுப்பாகத் தெரியும். தெரியட்டும், நிறம் மிஞ்சும். சூரியன் வந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் அரை மணி இருங்கள். பனி கலைந்து மேலெழுவதும், மரங்களுக்கு நடுவே வெயில் கோடாக இறங்குவதும் அதற்குப் பிறகுதான்.

குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே சாப்பாடு என்று வந்து பிடுங்கும். தின்பண்டங்களை வண்டியிலேயே வையுங்கள், கேமராப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கீழே இறங்கியதும் நந்தி கிராமத்தில் 'போக நந்தீஸ்வரர்' கோயில். மேலே போக முடியாத வாரக்கடைசியில் நான் சொல்வது, மலையை விட்டுவிட்டு நேராக இங்கே வாருங்கள் என்பதுதான். அருணாசலேஸ்வரர் சன்னதியும் போக நந்தீஸ்வரர் சன்னதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, நடுவில் உமா மகேஸ்வரர் சன்னதி. உள்ளே தள்ளி நாலு பக்கமும் படிக்கட்டு இறங்கும் கல்யாணி. குளத்தைச் சுற்றி மண்டபம் இருப்பதால் அதிகாலையில் உள்ளே நிழல்தான். அந்த மென்மையான வெளிச்சத்தில்தான் படிகளின் வரிசை தெளிவாக விழும். வெயில் ஏறிவிட்டால் பாதிப் படி வெள்ளை, பாதிப் படி கறுப்பு. ஒரு மூலையில் நின்று எதிர்மூலையை நோக்கி எடுங்கள், குளத்தின் ஆழம் தெரியும்.

நாள் முழுக்க நேரமிருந்தால் இதே சாலையில் ஆந்திர எல்லை தாண்டி லேபாட்சி. பெங்களூரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், கொடிகொண்டா செக்போஸ்ட்டில் திரும்ப வேண்டும். மஞ்சள் பலகை வாடகை வண்டி என்றால் வேறு மாநிலத்துக்குப் போக பெர்மிட் இருக்கிறதா என்று ஓட்டுநர் அண்ணாவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீரபத்திரர் கோயிலின் விதான ஓவியங்கள் இருட்டில் இருக்கின்றன. ஃபிளாஷ் வேண்டாம், அது பழைய வண்ணத்தைக் கெடுக்கும். கேமரா விதானத்தைப் பார்க்கும்படி போனைத் தரையில் வைத்து, மூன்று விநாடி டைமர் போட்டு எடுத்தால் ஆடாமல் வரும்.

6. மைசூரு சாலை: பறவைகள்

இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சாலையைப் பற்றி. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதியில்லை. பைக்கில் போகிறவர்கள் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும், ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். காரில் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். வெளியேறும் இடங்கள் குறைவு, ஒன்றை விட்டால் வெகுதூரம் போய்த்தான் திரும்ப முடியும். பிடதி தட்டு இட்லியும் மத்தூர் வடையும் வேண்டுமென்றால் பைபாஸை விட்டு ஊருக்குள் இறங்கத்தான் வேண்டும்.

கொக்கரேபெள்ளூர் ஒரு சாதாரண கிராமம், பெங்களூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ராமநகரம், சன்னபட்டணம் தாண்டி ருத்ராட்சிபுரம் பக்கம் இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும். புள்ளி அலகு கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு வாசல் புளியமரங்களிலேயே கூடு கட்டும். வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்குப் பறவை புதிதல்ல, இவ்வளவு பக்கத்தில் பார்ப்பதுதான் புதிது.

மரம் வீட்டு முற்றத்தில் நிற்பதால், நீங்கள் லென்ஸைத் தூக்கும்போது அது யாருடைய ஜன்னலையோ பார்க்கும். முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல சமயம் அவர்களே எந்தக் கூட்டில் குஞ்சு இருக்கிறது என்று காட்டுவார்கள். கைதட்டிப் பறக்கவிட்டுப் படமெடுக்கவே கூடாது. பெரிய பறவை பதறி எழுந்தால் கூட்டிலிருக்கும் குஞ்சு கீழே விழும். பறக்கும் படம் வேண்டுமானால் காத்திருங்கள், இரை தேடிப் போன பறவை எப்படியும் கூட்டுக்குத் திரும்பும்.

ரங்கனதிட்டு இன்னும் தொலைவு, ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிக் காவிரியின் நடுவே. பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-இல் சரணாலயமானது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இங்கே படகில்தான் பறவைக்கு அருகே போக முடியும். படகு ஆடும், ஆகவே ட்ரைபாட் வீண். ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடியாகவோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். காலையில் முதல் படகுகளைப் பிடியுங்கள், பதினொரு மணிக்கு மேல் தண்ணீரின் பளபளப்பு கண்ணைக் கூசும். பாறையில் முதலை வெயில் காயும், கையைத் தண்ணீரில் விட வேண்டாம். ஆற்றில் வெள்ளம் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் ரங்கனதிட்டு காலையில், கொக்கரேபெள்ளூர் திரும்பும் வழியில் மாலையில். மாலையில் பறவைகள் கூட்டுக்குத் திரும்பும், இறங்கு வெயில் இறக்கையின் அடியில் படும்.

7. காவிரிக் கரை: காலையில் அருவி, மாலையில் சிற்பம்

கனகபுரா, மளவள்ளி வழியாகச் சிவனசமுத்திரம் சுமார் 130 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். தண்ணீர் இருக்குமா என்று அறியக் கிளம்புவதற்கு முன் செய்தியைப் பாருங்கள். மேட்டூர் நீர்வரத்துச் செய்தியை நம் வீடுகளில் எப்படியும் படிப்போம், அதிலேயே விடை இருக்கிறது. கே.ஆர்.எஸ். அணையிலிருந்து வரும் காவிரியோடு கபினி அணைத் தண்ணீரும் திருமகூடலு நரசிபுரத்தில் சேர்ந்து, சிவனசமுத்திரத்தைத் தாண்டித்தான் மேட்டூருக்குப் போகிறது. இரண்டு அணையும் திறந்திருந்தால் அருவி நிறைந்திருக்கும். வெள்ளம் மிக அதிகமென்றால் கீழே இறங்கும் வழியை மூடிவிடுவார்கள். வெள்ளம் சற்று வடிந்த வாரம்தான் சரியான வாரம்.

ஆறு இங்கே இரண்டாகப் பிரிந்து விழுகிறது. ககனசுக்கியை மளவள்ளிப் பக்கத்துக் காட்சி மேடையிலிருந்து எதிரே பார்க்கலாம். பரசுக்கி கொள்ளேகாலப் பக்கம், சுற்றிக்கொண்டு போக வேண்டும், அகன்று விரிந்து விழும். ககனசுக்கிக்கு ஜூம் உதவும். பரசுக்கிக்கு அகலமான லென்ஸ் வேண்டும்.

தண்ணீரைப் பட்டு இழைபோல எடுக்க ஷட்டரை அரை விநாடி திறந்துவைக்க வேண்டும். பகலில் அப்படித் திறந்தால் படம் வெளுக்கும், ஆகவே வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் தேவை. ஐபோன் வைத்திருப்பவர்கள் லைவ் படமாக எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றினால் கிட்டத்தட்ட அதே வரும். சாரலில் இரண்டு படத்துக்கு ஒருமுறை லென்ஸைத் துடையுங்கள். பாறைமேல் இறங்கிப் போஸ் கொடுக்க வேண்டாம். பாசி கண்ணுக்குத் தெரியாது, உயிர் போன இடங்கள் இவை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோமநாதபுரம். 1268-இல் எழுந்த ஹொய்சளர் கோயில், 2023-இல் பேலூர், ஹளேபீடோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமானது. காலையில் இங்கே வந்துவிட்டு மதியம் அருவிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நான் தலைகீழாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோயில் கிழக்கு நோக்கியது. மூன்று விமானங்களும் நட்சத்திர வடிவச் சுவர்களும் பின்பக்கம், மேற்கே இருக்கின்றன. அவற்றின்மேல் வெயில் விழுவது மதியத்துக்குப் பிறகுதான். மூன்றரைக்கு உள்ளே இருங்கள், மாலையில் ஐந்தரையை ஒட்டி மூடிவிடுவார்கள்.

சிற்பத்தை நேர் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். பக்கவாட்டில் உரசிக்கொண்டு வரும் வெளிச்சத்தில்தான் நகையும் விரலும் எழுந்து நிற்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சுவர் நாள் முழுக்க வெயிலில் இருக்கும், வடக்குச் சுவர் நிழலில். மே, ஜூன், ஜூலையில் இது மாறி, வடக்குச் சுவருக்குக் காலையும் மாலையும் வெயில் கிடைக்கும். நிழலான சுவரும் வீணல்ல. சிற்ப வரிசைகளை நெருக்கத்தில் எடுக்க அங்கே சீரான வெளிச்சம் இருக்கும். காலுறை கொண்டுபோங்கள், கல் மேடை மூன்றரைக்கும் சுடும்.

8. கிழக்கு: கோலாரும் தங்கவயலும்

பழைய மெட்ராஸ் சாலையில் கோலார் சுமார் 70 கிலோமீட்டர். கோலாரம்மா கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்து தெளிவாக வர, போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி, இன்னொரு போனில் எடுங்கள். ஊர் ஓரத்து அந்தரகங்கை மலையில் பாறைக் குவியல்கள் நடுவே நல்ல காட்சிகள் உண்டு.

தங்கவயலில் தமிழே போதும். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது, இறங்குகுழிக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. சுரங்க வளாகம் தடைசெய்யப்பட்ட இடம், வேலிக்கு வெளியே சாலையிலிருந்து எடுங்கள். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சயனைடு மண்மேடுகளில் ஏற வேண்டாம், அந்தப் புழுதி உடம்புக்கு ஆகாது. சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளை எடுக்கும்போது அங்கே இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பது நினைவிருக்கட்டும். திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் பேசிவிட்டு, அவர் சரி என்றால் எடுங்கள்.

9. மேற்கு: அரை நாளுக்கு

மாகடி சாலையில் சாவனதுர்கா, 1,226 மீட்டர் உயர ஒற்றைப் பாறை. ஏறாமலே எடுக்கலாம், பாறையின் முழு உருவம் தள்ளி நின்றால்தான் தெரியும். மஞ்சினபெலே நீர்த்தேக்கத்தில் மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும். தண்ணீரில் இறங்க மட்டும் வேண்டாம்.

10. ட்ரைபாட், ட்ரோன், கருவறை

தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். வாசலில் வாதாடிப் பயனில்லை, சுவரிலோ படியிலோ போனைச் சாய்த்து வைத்து எடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சரணாலயத்திலும் நினைவுச் சின்னங்களிலும் விடமாட்டார்கள், நந்திப் பக்கம் விமான நிலையமும் இருக்கிறது. வழிபாடு நடக்கும் கோயில்களில் கருவறைக்கு நேரே கேமராவைத் தூக்க வேண்டாம்.

11. திரும்பும் நேரம்

ஞாயிறு மாலை ஐந்து முதல் ஒன்பது வரை நகரத்தின் எல்லா வாயிலும் அடைபட்டிருக்கும்: வடக்கே ஹெப்பாள், மைசூரு சாலையில் கெங்கேரி முதல் நாயண்டஹள்ளி வரை, கிழக்கே டின் ஃபேக்டரி. நாலு மணிக்குள் உள்ளே வந்துவிடுங்கள், இல்லையென்றால் வழியில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்கு மேல் வாருங்கள். கோலாரிலிருந்து மாலையில் திரும்பினால் வழிமுழுக்கச் சூரியன் நேர் எதிரே இருக்கும், முன்கண்ணாடியைக் கிளம்பும் முன் துடைத்துவிடுங்கள்.

இரவே படங்களை ஒரு பிரதி எடுத்துவையுங்கள். உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், படம் சுருங்காது. ஊருக்குப் போய் அவர்கள் பிரிண்ட் போட்டாலும் தெளிவாக வரும்.